சேட்லி, வோஃபுலி, மிசரப்லி: வருத்தமும் போதாமையும் சொல்லும் ஆங்கில வினையடைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். இரங்கல் செய்தி, விடுப்புக் கடிதம், புகார் மனு, அலுவலக மின்னஞ்சல் என்று எதை எடுத்தாலும் வருத்தம் சொல்லும் வார்த்தைகளில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

மேடம், 'சேட்'னா தெரியும். 'சேட்லி' எங்கெங்க வரும்?

மூன்று இடங்களில் வரும். ஒன்று, ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்ல. 'ஷீ ஸ்மைல்ட் சேட்லி' என்றால் அவள் சோகமாகச் சிரித்தாள். சோகம் அவளுடையது. இரண்டு, வாக்கியத்தின் தலையில், காற்புள்ளியோடு. 'சேட்லி, த லைப்ரரி க்ளோஸ்ட்' என்றால் நூலகத்தை மூடிவிட்டார்கள் என்ற செய்தியும், அதைச் சொல்கிறவரின் வருத்தமும் சேர்ந்து வருகின்றன. மூன்று, ஒரு குறை எவ்வளவு பெரியது என்று சொல்ல. 'சேட்லி லாக்கிங்' என்றால் வெகுவாகக் குறைவு, 'சேட்லி மிஸ்டேக்கன்' என்றால் பெரிய தப்புக்கணக்கு. இதில் யாரும் அழ வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் செயல், வாக்கியம், அளவு என்று பெயர் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்களில் இந்தப் பெயர்களையே சொல்வேன். எழுதும்போது 'இங்கே வருத்தம் யாருடையது?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் வராது.

'ஐ ஃபீல் சேட்லி'னு எழுதினேன், சுழிச்சுட்டீங்க. ஏன்?

'ஃபீல்', 'லுக்', 'சவுண்ட்' போன்ற வினைகள் ஒருவரின் நிலையைச் சொல்லும்போது, பின்னால் பெயரடைதான் வரும். 'ஐ ஃபீல் சேட்'. அவ்வளவுதான். நான் சோகமாக இருக்கிறேன் என்பதில் இருக்கும் 'ஆக'வைப் பார்த்ததும் 'லி' போடத் தோன்றும். தமிழில் 'ஆக' இரண்டு வேலையும் பார்க்கும், ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

'லுக்' இரண்டு பக்கமும் போகும். 'ஹீ லுக்ட் சேட்' என்றால் அவர் முகம் வாடியிருந்தது. 'ஹீ லுக்ட் சேட்லி அட் த எம்ப்ட்டி சேர்' என்றால் காலி நாற்காலியைச் சோகத்தோடு பார்த்தார். பார்த்தல் என்பது அங்கே ஒரு செயல், அதனால் 'லி' வந்துவிட்டது.

'வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்' – 'வித் சேட்லி ஐ இன்ஃபார்ம்'. சரிதானே?

சரியில்லை. 'உடன்' நாக்கில் இருப்பதால் 'வித்' வந்துவிடுகிறது. வரட்டும், ஆனால் அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வேண்டும். 'வித் கிரேட் சேட்னஸ்' அல்லது 'வித் அ ஹெவி ஹார்ட்' என்று எழுதுங்கள்.

சுவரொட்டிகளிலும் செய்திக் குறிப்புகளிலும் 'சேட் டிமைஸ்' என்று பார்த்திருப்பீர்கள். அதை 'சேட்லி டிமைஸ்' ஆக்காதீர்கள், 'டிமைஸ்' (மறைவு) பெயர்ச்சொல். என்னைக் கேட்டால் 'டிமைஸ்' என்ற சொல்லே வேண்டாம். துக்க வீட்டுக்கு அனுப்பும் செய்தியில் கனமான சொல் தூரத்தை உண்டாக்கும். 'பாஸ்ட் அவே' அல்லது 'டைட்' போதும்.

பேப்பர்ல 'பரிதாபமாக உயிரிழந்தார்'னு வருதே, அதை 'பத்தெட்டிக்கலி டைட்'னு எழுதலாமா?

எழுதவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

என் வகுப்புக்கு வரும் செவிலியர் ஒருவர், கூட வேலை செய்யும் மலையாளப் பெண்ணுக்கு இரங்கல் செய்தி எழுதி, காற்புள்ளி சரியா என்று கேட்டுக் கைபேசியை நீட்டினார். அந்தப் பெண்ணின் அப்பா சாலை விபத்தில் போய்விட்டார். திரையில் 'யுவர் ஃபாதர் பத்தெட்டிக்கலி டைட்' என்று இருந்தது. எழுதியவரின் கண்ணில் தண்ணீர். வார்த்தையோ 'உன் அப்பா கேவலமாகச் செத்தார்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. அவர் மனசில் இருந்ததை அப்படியே கேட்டு மூன்று சிறு வாக்கியமாக்கினோம்: உங்கள் அப்பா காலமானதைக் கேட்டு மனம் உடைந்துவிட்டது, அவர் உங்களைப் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன். அதில் ஒரு வினையடைகூட இல்லை.

'பத்தெட்டிக்' கிரேக்க மொழியின் 'பாத்தோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. துன்பம், உணர்ச்சி என்று பொருள். ஒரு காலத்தில் நெஞ்சை உருக்குவது என்ற பொருளில்தான் அதிகம் வழங்கியது. இன்றைய பேச்சில் ஏளனம் ஏறிவிட்டது. 'பத்தெட்டிக்கலி ஸ்மால்' என்றால் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியது. நம் ஊர் ஆங்கிலத்தில் 'ரோட் இஸ் இன் பத்தெட்டிக் கண்டிஷன்' என்று புகார் எழுதுவது பழக்கம், அது செல்லும். ஒரு மனிதரின் சாவோடு மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். பரிதாபமான சாவுக்கு 'டிராஜிக்கலி' பொருத்தமான சொல்.

அப்போ 'பாவம்'னு சொல்ல என்ன வார்த்தை? 'பாவம், அவன் தோத்துட்டான்'.

இதற்கு வினையடையே தேவையில்லை. 'த புவர் பாய் லாஸ்ட்'. 'பாவம்' என்ற பரிவை ஆங்கிலம் பெரும்பாலும் 'புவர்' என்ற பெயரடையில் வைத்திருக்கிறது. 'புவர் திங்' என்று தனியாகவும் சொல்லலாம். 'சேட்லி, ஹீ லாஸ்ட்' என்றால் தோற்றது வருத்தத்துக்குரியது என்ற செய்தி கிடைக்கும். அவன்மேல் நமக்கிருக்கும் இரக்கம் அதில் முழுசாக வராது.

'யூ வில் பி ஷ்யூர்லி மிஸ்ட்'னு பிரிவு உபசார அட்டையில எழுதினோம். தப்பா?

நீங்கள் காதில் கேட்டது 'சோர்லி'. எழுதியது 'ஷ்யூர்லி', அதாவது நிச்சயமாக. 'சோர்லி மிஸ்ட்' என்றால் உங்கள் இல்லாமை எங்களுக்கு வலிக்கும். 'சோர்' என்றால் புண், வலி. அந்தப் பொருளை நினைத்துக்கொண்டால் எழுத்து மாறாது.

நினைவஞ்சலி விளம்பரங்களில் 'சேட்லி மிஸ்ட்', 'சோர்லி மிஸ்ட்', 'டீப்லி மோர்ன்ட்' மூன்றும் வரும். ஓய்வு பெறுகிறவருக்கு 'சோர்லி' சரி. 'சேட்லி மிஸ்ட்' வேண்டாம், அதில் இரங்கல் வாடை இருக்கிறது.

'வோஃபுலி இன்னாடிக்வட்'னு எல்லா இடத்துலயும் வருது. 'வெரி இன்னாடிக்வட்'னு சொன்னா போதாதா?

'இன்னாடிக்வட்' என்றால் போதாத. 'வெரி' போட்டாலும் போதும், ஆனால் ஒரு விஷயம் விடுபடும். 'வெரி' அளவை மட்டும் சொல்லும். 'வோஃபுலி' அந்தக் குறையால் யாரோ கஷ்டப்பட்டார்கள், அல்லது படப்போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

டைட்டானிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஏப்ரலில் அது மூழ்கியபோது கப்பலில் 2,200 பேருக்கு மேல் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் மொத்தம் 1,178 பேர்தான் உட்கார முடியும். அப்போதைய பிரிட்டிஷ் விதி கப்பலின் டன் கணக்கை, அதாவது உள்ளளவை வைத்துப் படகுகளின் எண்ணிக்கையைச் சொன்னது. 10,000 டன்னுக்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் 16 படகு போதும். டைட்டானிக் 46,000 டன்னைத் தாண்டியது. ஆக விதி கேட்டதைவிட நான்கு படகு கூடுதலாகவே வைத்திருந்தார்கள். சட்டப்படி 'ஆடிக்வட்', ஆட்களின் எண்ணிக்கைப்படி 'வோஃபுலி இன்னாடிக்வட்'. ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள்.

இதனால்தான் வகுப்பில் சொல்வேன், 'வோஃபுலி' எழுதும் முன் தேவை எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால் அந்தச் சொல் நிற்கும். இல்லாவிட்டால் வெறும் புலம்பலாகப் போய்விடும்.

'வோஃபுலி' வேற எதோட சேரும்?

குறையைச் சொல்லும் சொற்களோடு மட்டும். 'வோஃபுலி ஷார்ட்', 'வோஃபுலி அன்டர்ஃபண்டட்', 'வோஃபுலி அன்ப்ரிபேர்ட்', 'வோஃபுலி இக்னரன்ட்'. 'வோஃபுலி குட்' கிடையாது, 'வோஃபுலி பிக்' கிடையாது. செயலாகவும் பழைய எழுத்தில் வரும், 'ஹீ லுக்ட் அட் மீ வோஃபுலி' என்பது போல. இன்று அது அபூர்வம்.

சேட்லி, சோர்லி, வோஃபுலி, அபிஸ்மலி – இதுல எது லேசு, எது கடுமை?

அளவு என்ற வேலையில் மட்டும் வைத்துப் பார்க்கலாம். 'சேட்லி லாக்கிங்' வருத்தத்தோடு சொல்லும் குறை, கோபம் குறைவு. 'சோர்லி லாக்கிங்', 'சோர்லி நீடட்' என்றால் அந்த இல்லாமை உறுத்துகிறது, சீக்கிரம் வந்தால் நல்லது. 'வோஃபுலி' வந்துவிட்டால் குற்றச்சாட்டு தொடங்கிவிட்டது. 'அபிஸ்மலி' தரத்தின் அடிமட்டத்தைச் சொல்கிறது. 'அபிஸ்மலி லோ', 'அபிஸ்மலி புவர்' என்று வரும்.

'அபிஸ்' என்றால் அடி தெரியாத பள்ளம். அடியில்லாதது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தக்காளி விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்கிறோமே, அதே படம்தான். 'அபிஸ்மலி'யைப் பார்த்ததும் அதலபாதாளத்தை நினைத்துக்கொண்டால் எங்கே போடுவது என்று தானாகத் தெரியும்.

அழுகையைச் சொல்ற வார்த்தை எப்படி 'பத்தாது'ன்னு அர்த்தம் கொடுக்குது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 'வோ' என்பது முதலில் ஒரு கூப்பாடு. நம் 'ஐயோ' மாதிரி, வலிக்கும்போது வாயிலிருந்து தானாக வரும் ஒலி. பழைய ஆங்கிலத்தில் 'வா' என்று இருந்தது. அது துயரத்தின் பெயராயிற்று, பிறகு 'வோஃபுல்', பிறகு 'வோஃபுலி'. 'சோர்' கதையும் இதுதான். அதே வேரிலிருந்து ஜெர்மன் மொழியில் வந்த 'ஸேர்' என்ற சொல்லுக்கு இன்று 'மிகவும்' என்று மட்டுமே பொருள். வலி தேய்ந்து அளவு மட்டும் மிஞ்சியது. வருந்தத்தக்க வகையில் என்று பொருள் தரும் சொற்களில் 'டிப்ளோரப்லி'க்குள் லத்தீன் அழுகை இருக்கிறது, 'லமென்டப்லி'க்குள் ஒப்பாரி இருக்கிறது.

துயரமும் போதாமையும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுத்தப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமையில் உழல்வது. நான்கையும் பாருங்கள், ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று குறைகிறது. அப்படியானால் குறையை அளக்க அழுகைச் சொல்லை எடுத்தது இயல்புதானே.

இன்னொரு விநோதம். 'சேட்' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'நிறைந்த, திகட்டிய' என்ற பொருளில் இருந்தது. வயிறு நிறைந்து கனத்தது, கனம் மனசுக்கு ஏறியது, கடைசியில் சோகமானது. நிறைவில் தொடங்கிய சொல் இன்று 'சேட்லி லாக்கிங்' என்று போதாமையைச் சொல்கிறது.

'டிஸ்மலி'யும் 'மிசரப்லி'யும் ஒண்ணுதானா? 'ஃபெயில்ட்' கூட ரெண்டும் வருதே.

தோல்வியோடு சேரும்போது கிட்டத்தட்ட ஒன்றுதான். 'ஃபெயில்ட் மிசரப்லி', 'ஃபெயில்ட் டிஸ்மலி' இரண்டும் படுதோல்வி. நம் 'படு' செய்யும் வேலையை இவை செய்கின்றன. வினைக்குப் பின்னால் வைத்தால் ஓட்டம் நன்றாக இருக்கும். தோல்வியை விட்டு வெளியே வந்தால் 'மிசரப்லி' உடம்பும் மனசும் படும் பாட்டைச் சொல்லும், 'மிசரப்லி கோல்ட்' என்பது போல. 'டிஸ்மலி' களையில்லாத, நம்பிக்கையில்லாத நிலையைச் சொல்லும்.

'டிஸ்மல்' வந்த வழி நமக்கு உடனே பிடிபடும். லத்தீனில் 'டீஸ் மாலி' என்றால் கெட்ட நாட்கள். இடைக்கால ஐரோப்பாவின் நாட்காட்டியில் மாதத்துக்கு இரண்டு நாளைக் காரியத்துக்கு ஆகாதவை என்று குறித்து வைத்திருந்தார்கள். அசல் கரிநாள்தான்! நாளின் பெயர் நாளடைவில் மந்தமான, விடியாத எதற்கும் அடைமொழி ஆகிவிட்டது.

'ஐ பேட்லி நீட் அ லோன்' – இது கெட்ட விதமா தேவைன்னு ஆகாதா?

ஆகாது. 'நீட்', 'வான்ட்' இரண்டின் முன்னால் 'பேட்லி' வந்தால் அவசரமாக, ரொம்பவும் என்று பொருள். இடம்தான் முக்கியம். 'ஹீ பிஹேவ்ட் பேட்லி' என்றால் மோசமாக நடந்துகொண்டார். 'பேட்லி இன் நீட் ஆஃப் பெயின்ட்' என்றால் அந்தச் சுவருக்கு உடனே வர்ணம் வேண்டும். எழுத்தில் கொஞ்சம் மரியாதையான தொனி வேண்டுமானால் 'அர்ஜென்ட்லி' போடுங்கள். வங்கி மேலாளருக்கு 'பேட்லி' கொஞ்சம் பேச்சுவழக்காகத் தெரியும்.

'ரிக்ரெட்ஃபுலி'யா, 'ரிக்ரெட்டப்லி'யா? மெயில் எழுதும்போதெல்லாம் கை நின்னுடுது.

'ஃபுலி' மனசு நிறைய வருத்தம் இருக்கும் ஆளைச் சொல்லும். 'அப்லி' வருந்தத்தக்க விஷயத்தைச் சொல்லும். தமிழில் இது தெளிவாகவே பிரிந்திருக்கிறது: வருத்தத்துடன், வருந்தத்தக்க வகையில். 'ஷீ ரிக்ரெட்ஃபுலி டிக்ளைன்ட்' என்றால் அவர் மனமில்லாமல் மறுத்தார். 'ரிக்ரெட்டப்லி, த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்றால் ரயில் போய்விட்டிருந்தது, நமக்குத்தான் வருத்தம். ரயிலுக்கு இல்லை.

வாக்கியத்தின் தலையில் 'ரிக்ரெட்ஃபுலி' போடுகிறவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு, சில அகராதிகள் அதைப் பதிவும் செய்திருக்கின்றன. ஆனாலும் தலையில் 'ரிக்ரெட்டப்லி' போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஸ்டேஷன்ல 'டீப்லி ரிக்ரெட்டட்'னு சொல்றாங்களே, யார் ரிக்ரெட் பண்றா?

'த இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்.' காதில் ஊறிப்போன அறிவிப்பு. செயப்பாட்டு வினையில் இருப்பதால் ஆள் இல்லை. அதையே தமிழில் சொல்லும்போது 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று முடிகிறது, 'ஓம்' விகுதியில் ஆள் வந்துவிடுகிறார். எனக்குத் தமிழ் அறிவிப்புதான் மன்னிப்பாகக் கேட்கிறது. நீங்கள் வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'வீ ஆர் சாரி' அல்லது 'வீ டீப்லி ரிக்ரெட்' என்று ஆளோடு எழுதுங்கள்.

லீவ் லெட்டர்ல 'அன்ஃபார்ச்சுனேட்லி மை சிஸ்டர்ஸ் மேரேஜ் இஸ் ஆன் ஃப்ரைடே'ன்னு எழுதினேன். மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார்.

தங்கை கல்யாணம் துரதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான். நீங்கள் வருந்தியது அன்றைக்கு வேலைக்கு வர முடியாததற்கு. முதல் பதிலில் சொன்ன வாக்கிய வேலையில், இந்தச் சொல் எதன் தலையில் உட்காருகிறதோ அந்தச் செய்தி முழுவதையும் கெட்ட செய்தியாக்கிவிடும். எனவே வர முடியாததன்மேல் வையுங்கள்: 'மை சிஸ்டர்ஸ் வெடிங் இஸ் ஆன் ஃப்ரைடே, ஸோ அன்ஃபார்ச்சுனேட்லி ஐ கான்ட் கம் டு வொர்க்.'

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு வாரத்தில் இரண்டு கடிதமாவது இப்படி என் மேஜைக்கு வருகிறது.

அன்ஃபார்ச்சுனேட்லி, சேட்லி, டிராஜிக்கலி – மூணுக்கும் வித்தியாசம்?

பேருந்து தாமதமானால் 'அன்ஃபார்ச்சுனேட்லி'. பழைய பள்ளிக்கூடத்தை இடித்தால் 'சேட்லி'. உயிர் போனால் 'டிராஜிக்கலி', அதுவும் அகாலமாகப் போயிருந்தால் மட்டும். தொண்ணூறு வயதில் தூக்கத்தில் காலமான பாட்டிக்கு 'டிராஜிக்கலி' போடாதீர்கள், கல்யாணச் சாவு அது. 'சேட்லி' போதும்.

'டெரிப்லி குட்', 'ஆஃபுலி நைஸ்'னு வெள்ளைக்காரங்க சொல்றாங்க. 'வோஃபுலி நைஸ்' மட்டும் ஏன் முடியாது?

'பயங்கரமா இருக்கு சாப்பாடு' என்று ரசித்துச் சொல்கிறோம், 'கேவலமா இருக்கு சாப்பாடு' என்று ரசித்துச் சொல்ல முடியாது. அதே கணக்கு. 'டெரிப்லி', 'ஆஃபுலி' இரண்டும் பயத்திலிருந்து வந்தவை. பயம் தேய்ந்து வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டன. 'ஐம் டெரிப்லி சாரி' என்று தாராளமாகச் சொல்லலாம். 'வோஃபுலி'யில் குறை என்ற பொருள் தேயவில்லை. 'ஹோப்லெஸ்லி' நடுவில் நிற்கிறது. 'ஹோப்லெஸ்லி அவுட்டேட்டட்' என்றால் திருத்தவே முடியாத பழசு, 'ஹோப்லெஸ்லி இன் லவ்' என்றால் மீள முடியாத காதல்.

'வெரி வோஃபுலி', 'ஸோ மிசரப்லி' – இன்னும் அழுத்தம் கொடுக்கலாமா?

அளவுச் சொல்லுக்கு மேல் அளவுச் சொல் வேண்டாம். 'வெரி வோஃபுலி' 'மிகப் படுமோசம்' மாதிரி, கூடுதலாக ஒன்றும் சேர்வதில்லை. 'ஸோ மிசரப்லி' செயலோடு வரும்போது செல்லும். வாக்கியத்தின் தலையில் 'வெரி சேட்லி' என்பதும் செல்லும், அங்கே அது உங்கள் வருத்தத்தின் அளவு.

புகார் மனுவில 'கிரீவியஸ்லி ஹர்ட்'னு போடணும்னு சொல்றாங்க. 'பேட்லி ஹர்ட்' போட்டா பரவாயில்லையா?

முதலில் உச்சரிப்பு. அது 'கிரீவஸ்லி', நடுவில் 'இ' கிடையாது. எழுத்திலும் 'வி'க்குப் பிறகு நேராக 'ஓ'.

அடுத்தது முக்கியம். சட்டத்தில் 'கிரீவஸ் ஹர்ட்' அதாவது கொடுங்காயம் என்பதற்கு வரையறை இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு எட்டு வகைக் காயங்களைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 116ஆம் பிரிவு. எலும்பு முறிவு, பல் விழுவது, பார்வை நிரந்தரமாகப் போவது போன்றவை அதில் வரும். கடும் வலியில் அவதிப்படும் நாட்கள் பழைய சட்டத்தில் 20 என்று இருந்தது, புதியதில் 15. ஆகவே அந்தச் சொல்லை அழுத்தத்துக்காகப் போடாதீர்கள். மனுவில் என்ன காயம், எத்தனை தையல், எத்தனை நாள் மருத்துவமனை என்று நடந்ததை எழுதுங்கள். அது கொடுங்காயமா இல்லையா என்பதை மருத்துவச் சான்றிதழும் சட்டமும் முடிவு செய்யும்.

பிட்டிஃபுலி, பிட்டியப்லி, பிட்டியஸ்லி. தலை சுத்துது.

'பிட்டியஸ்லி' கேட்பவர் மனம் இளகும்படி. நாய்க்குட்டி அழுவதற்கு இதுதான். 'பிட்டிஃபுலி' அதையும் சொல்லும், அளவையும் சொல்லும்: 'பிட்டிஃபுலி ஸ்மால் பென்ஷன்'. அளவில் வரும்போது லேசான ஏளனம் தொற்றிக்கொள்ளலாம், எனவே உங்கள் அம்மாவின் ஓய்வூதியத்தைப் பற்றி எழுதும்போது 'பெயின்ஃபுலி ஸ்மால்' மேல். 'பிட்டியப்லி' அரிதானது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட்ல, கட்டுரையில 'சேட்லி' போடலாமா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வேண்டாம்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாக்கிய வேலையில் வரும் 'சேட்லி' உங்கள் கருத்து. தகவல் அறிக்கையில் படிப்பவருக்கு அது தேவையில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் எழுத்து நெறிகளும் 'சேட்லி', 'டிராஜிக்கலி' போன்ற சொற்களைக் கட்டுரைகளில் தவிர்க்கச் சொல்கின்றன. அளவு வேலையில் வரும் 'வோஃபுலி'யும் கருத்துதான், ஆனால் டைட்டானிக் பதிலில் சொன்ன மாதிரி எண்ணோடு வந்தால் அதைக் காட்டி வாதாடலாம்.

தலையில் வினையடை போடுவதே இலக்கணப்படி தவறு என்று சிலர் சொல்வார்கள். அது 'நடக்கும் என்று நம்புகிறேன்' என்ற பொருளில் தலையில் வரும் 'ஹோப்ஃபுலி' பற்றிய பழைய சண்டை. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக்கையேட்டில் 2012இல் அதையும் ஏற்றுக்கொண்டது. 'சேட்லி'யை அந்தச் சண்டைக்குள் யாரும் பெரிதாக இழுத்ததில்லை.

ஸ்பெல்லிங்ல எங்கே தவறுவோம்?

'ஃபுல்' தனியாக வரும்போது இரண்டு 'எல்'. 'வோஃபுல்' ஆகும்போது ஒன்று. 'லி' சேர்ந்ததும் மறுபடி இரண்டு. 'பிட்டி'யின் 'வொய்' 'பிட்டிஃபுல்' ஆகும்போது 'ஐ' ஆகும். 'ரிக்ரெட்டப்லி'யில் இரண்டு 'டி', 'ரிக்ரெட்ஃபுலி'யில் ஒன்றுதான்.

கடைசியா ஒண்ணு. 'ஹீ சேட்லி லெஃப்ட் த ரூம்' – போனவருக்கு வருத்தமா, எழுதினவருக்கு வருத்தமா?

இரண்டுமாக இருக்கலாம், சிக்கலே அதுதான். பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். அவருடைய வருத்தம் என்றால் கடைசிக்குத் தள்ளுங்கள்: 'ஹீ லெஃப்ட் த ரூம் சேட்லி'. உங்களுடையது என்றால் தலையில் காற்புள்ளியோடு.

தலையில் வைத்தாலும் ஒரு ஆபத்து உண்டு. வகுப்பில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு எழுதியது: 'சேட்லி, ஃபாதர் இஸ் ரெக்கவரிங் ஸ்லோலி.' மெதுவாகத்தான் தேறுகிறார் என்ற கவலையைச் சொல்ல நினைத்தார். படிக்கிறவருக்கு 'அப்பா தேறிவருகிறார், வருத்தம்' என்று கேட்டுவிடும். விடுப்புக் கடிதத்தில் பார்த்த அதே தவறு, இங்கே இன்னும் வலிக்கும். 'ஃபாதர் இஸ் ரெக்கவரிங், பட் ஸ்லோலி' என்று மாற்றினோம். அந்த 'பட்'டிலேயே அவர் கவலை முழுசாக இருந்தது.